ஒற்றியூர் எல்லை

திருவொற்றியூரிலிருந்து திருவாரூருக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இன்றைக்கு ரயிலில் ஒரு பகலோ ஓர் இரவோ போதும். சுந்தரர் போன வழியில் போனால் கூடுதலாக ஆகும். அவரால் நேராகப் போக முடியவில்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன. வட திருமுல்லைவாயில், திருவெண்பாக்கம், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர், காஞ்சிபுரம், திருவாவடுதுறை, குத்தாலம் என்று ஒவ்வொரு கோயில் வாசலிலும் நின்று மன்றாடிக்கொண்டே போனார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் கிடைத்தன என்கிறது பெரியபுராணம். கண் நோய் தீர வேண்டிக்கொண்டு இந்தத் தலங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. படிக்கக் கண்ணாடி போடுவதைத் தவிர எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை. காதலித்தவர்களிடம் நான் உண்மையாக இருந்ததில்லை. அந்த விஷயத்தில் தமிழில் ஒரு வழித்தடம் உண்டென்றால் அது இதுதான் என்று பட்டது, கிளம்பினேன்.

கோவலன் இருக்கிறானே என்பீர்கள். கோவலன் மாதவி வீட்டுக்குப் போனது புகார் நகருக்கே தெரியும், கண்ணகிக்கும் தெரியும். அவன் செய்ததில் கள்ளம் குறைவு. சுந்தரர், அதாவது நம்பி ஆரூரர், செய்ததுதான் எனக்கு நெருக்கமான வகை. வாக்குக் கொடுக்கும்போதே அதில் ஓர் ஓட்டை வைத்துக் கொடுப்பது.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ நிலையம் 2021இல் வந்துவிட்டதால் வடசென்னை நெரிசலில் சிக்காமல் இறங்கிக் கோயிலுக்கு நடந்துவிடலாம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். வருடத்தில் மூன்று நாள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மட்டும், கவசம் இல்லாமல் பார்க்கலாம். மற்ற நாட்களில் கவசத்தைத்தான் கும்பிட வேண்டும். உற்சவர் தியாகராஜர். திருவாரூரிலும் மூலவர் புற்று, அங்கேயும் தியாகராஜர். மனைவி ஒருத்தியை விட்டு இன்னொருத்தியிடம் வந்த ஊரில், விட்டுவிட்டு வந்த ஊரின் சாமியே அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறார். நம்பி இதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்?

வாசலில் பூக்காரம்மாவிடம் மகிழம்பூ உண்டா என்று கேட்டேன்.

"அத யாரு கண்ணு இப்ப கட்டி விக்கிறா? உள்ள மரம் இருக்குது, கீழ கெடந்தா பொறுக்கிக்க. போன மாசம் வந்திருக்கணும் நீ. மகிழடி சேவைக்கு கூட்டம்னா கூட்டம். சங்கிலி நாச்சியாருக்குக் கல்யாணம்."

மாசிப் பெருவிழாவில் வருடா வருடம் அந்தச் சத்தியத்தையும் திருமணத்தையும் நடத்துகிறார்கள். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு என்ற ஊரில் வேளாளர் வீட்டில் பிறந்த சங்கிலியார், திருமணம் வேண்டாமென்று ஒற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர். தலங்கள் தோறும் பாடிக்கொண்டு வந்த நம்பி அவரைப் பார்த்தார். தனக்கு வேண்டுமென்று தோழனாகிய சிவனிடமே கேட்டார். சிவன் சங்கிலியார் கனவில் போய்ப் பேசினார். சங்கிலியார் விவரமானவர். அந்த அன்பர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்றுதான் முதலில் கேட்டார். அங்கே முதல் மனைவி பரவையார் இருப்பது அவருக்குத் தெரியும். உன்னைப் பிரிய மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்வான் என்றார் இறைவன்.

நம்பி அடுத்துச் செய்ததைத்தான் நான் மகிழ மரத்தடியில் நின்று நெடுநேரம் யோசித்தேன். சத்தியம் செய்யச் சன்னிதிக்கு வருவேன், அந்த நேரம் நீர் சன்னிதியை விட்டு வெளியே போய் மகிழ மரத்தில் இரும் என்று இறைவனிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். சாமி இல்லாத சன்னிதியில் செய்கிற சத்தியம் ஒட்டாது என்ற கணக்கு. சரி என்று தலையாட்டிய இறைவன், சத்தியத்தை மரத்தடியில் கேள் என்று சங்கிலியாரிடமும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் சன்னிதிக்கு நடந்தவரைத் தோழிகள் தடுத்து, மகிழடியில் செய்தால் போதும் என்றார்கள். மறுத்தால் மாட்டிக்கொள்வார். செய்தார். திருமணம் நடந்தது. பிறகு வசந்தம் வந்தது, தென்றல் வந்தது, ஆரூரில் பங்குனித் திருவிழா வருமே, பரவையார் அங்கே ஆடுவாரே என்று மனம் போயிற்று. கிளம்பிவிட்டார்.

கண் போனது எல்லை தாண்டியபோதுதான். ஆனால் குற்றம் எப்போது நடந்தது? என்னைக் கேட்டால், சாமியை வெளியே போய் இருக்கச் சொன்ன அந்த இரவில். புறப்பட்டது வெறும் கால் நடை.

எனக்குத் தெரியும். 2004, 2005 வாக்கில் நான் பெங்களூரில் மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் திருச்சி. திருச்சியில் ஒருவன் இருந்தான், கல்லூரி நாளிலிருந்து. பெங்களூரில் ஒருவன் வந்தான், அலுவலகத்தில். அப்போதெல்லாம் மாநிலம் தாண்டினால் செல்போனுக்கு ரோமிங். வருகிற அழைப்புக்கும் காசு. அதைக் காரணம் காட்டி இரண்டு சிம் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்து அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் நிற்கும்போது கர்நாடக சிம்மைக் கழற்றிவிட்டுத் தமிழ்நாட்டு சிம்மைப் போடுவேன். ஓசூர் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும்போது நான் வேறொருத்தி, வேறொருவனின் காதலி. இத்தனை வருடம் கழித்தும் பெங்களூரில் இருந்த என்னையும் திருச்சிக்குப் போன என்னையும் இரண்டு பெண்களாகத்தான் நினைக்க வருகிறது.

பெங்களூர்க்காரன் ஆரம்பத்திலேயே கேட்டான். ஊரில் யாரோ இருந்ததாகக் கேள்விப்பட்டேனே, அது முடிந்துவிட்டதா என்று. "முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். அந்த 'மாதிரி'தான் நான் மரத்துக்கு அனுப்பி வைத்த சாமி. திருச்சி வீட்டு நம்பர் கேட்டபோது என் வீட்டு நம்பரைத் தரவில்லை, தோழி வீட்டு லேண்ட்லைனைக் கொடுத்தேன். அவன் கூப்பிட்டால் அவள் எடுத்து, குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று எதையாவது சொல்லிவிட்டு எனக்குத் தகவல் சொல்வாள். அவள் இதற்கு ஒத்துக்கொண்டாளா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கல்லூரியில் இதற்கு முன்பும் ஒரு கதை உண்டு, சிறியது. அதிலும் பொய்யை அவள்தான் சுமந்தாள்.

மகிழம்பூ நாலைந்து கிடைத்தது. காய்ந்ததுதான், ஆனாலும் மணம் போகவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு சென்ட்ரலுக்கு வந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினேன்.

திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர். கருவறை முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணிழந்து இங்கே வந்தவர், தன் நிலைமையைச் சொல்லிப் பாடினார், பலன் இல்லை, மேலே நடந்தார். எனக்கும் அங்கே ஒன்றும் ஆகவில்லை. நல்ல கோயில்.

திருவெண்பாக்கம்தான் நான் போக நினைத்திருந்த இடம். இப்போது அந்த ஊர் இல்லை. சென்னைக்குக் குடிநீர் கொடுக்கக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி அணை கட்டினார்கள். 1944இல் முடிந்தது, சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். பழைய கோயில் இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சாமியையும் அம்மனையும் எடுத்துவந்து பூண்டியில் புதிதாகக் கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள். திருவள்ளூரில் இறங்கிப் பேருந்து பிடித்துப் போனேன். சின்னக் கோயில். சாமி பெயர் ஊன்றீசுவரர். கண் கேட்டு நின்றவருக்கு இங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கோயிலுள் இருக்கிறீரா என்று நம்பி கேட்க, யாரோ வழிப்போக்கனுக்குச் சொல்வதைப்போல, இருக்கிறோம், நீர் போம் என்ற தொனியில் உள்ளேயிருந்து பதில் வந்ததாம். தோழமை பாராட்டித் திரிந்தவருக்கு அந்தத் தொனி எப்படிச் சுட்டிருக்கும்! கோபத்தில் கோலை வீசியெறிந்தார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறார்கள். இங்கிருக்கும் நந்திக்கு ஒரு கொம்பு இல்லை. அம்மன் மின்னொளி அம்மை. மின்னலாக வெட்டி வெட்டி வழி காட்டினாளாம். கண் தெரியாதவருக்கு மின்னல் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அர்ச்சகரிடம் கேட்கத் துணியவில்லை.

அணைக்கரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். தண்ணீர் ஓரளவு இருந்தது. அடியில் எங்கேயோ பழைய வெண்பாக்கம். எனக்கு அந்தக் கோல் மீதுதான் எண்ணம். தண்டனையை இறைவன் பாதியில் நிறுத்தவும் இல்லை, ஆளைக் கைவிடவும் இல்லை. நட, ஆனால் தட்டித் தட்டி நட. தப்புச் செய்த ஆணுக்கு நம் புராணத்தில் எவ்வளவு அக்கறையான ஏற்பாடு! பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். அகலிகை கல்லானாள். ரேணுகைக்கு மனத்தில் ஒரு சலனம், அவ்வளவுதான், தலை போயிற்று. கோல் கொடுக்க ஒருவரும் வரவில்லை. இதனால்தானோ என்னவோ, என் கதைக்கு வழி தேடியபோது நான் ஒரு பெண்ணின் பின்னால் போகாமல் நம்பியின் பின்னால் வந்திருக்கிறேன். கல்லாவதில் பயணம் இல்லையே.

அடுத்த நிறுத்தம் அதை இன்னும் கிளறிவிட்டது. திருவாலங்காடு காரைக்கால் அம்மையாருக்குச் சொந்தமான ஊர். மனைவியின் தெய்வத்தன்மைக்கு அஞ்சிய கணவன் பரமதத்தன், உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே, புனிதவதி என்று, வைத்துக் குடித்தனம் நடத்தினான். உறவினர்கள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் எதிரே நிறுத்தியபோது மனைவியோடும் குழந்தையோடும் காலில் விழுந்தான். அவள் அந்த உடம்பே வேண்டாமென்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏமாற்றப்பட்டவள் என்ன ஆனாள் என்று கடைசிவரை பின்தொடர்ந்து சொல்லும் கதை நம்மிடம் இது ஒன்றாவது இருக்கிறது. அவள் தலையால் நடந்த ஊர் என்பதால் காலால் மிதிக்க அஞ்சிப் பெரியவர்கள் ஊருக்குள் நுழையத் தயங்கினார்கள் என்பார்கள். சுந்தரரும் பழையனூர்ப் பக்கம் நின்றே பாடினாராம். அவர் தயங்கியதற்கு எனக்கு இன்னொரு காரணம் தோன்றுகிறது. ஆனால் அது என் மனக்கோணல்.

அரக்கோணத்தில் ரயில் மாறிக் காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது, கழுத்து வலிக்கப் பார்க்கலாம். அம்மன் மணலால் லிங்கம் பிடித்து, வெள்ளம் வந்தபோது கரையாமல் கட்டித் தழுவிக்கொண்ட இடம். இங்கேதான் இடக்கண் திறந்தது. திறந்த கண்ணால் முதலில் பார்த்தது இறைவனை. எல்லாம் சரி. என் புத்தி ஒற்றியூரிலேயே நின்றுவிட்டது. ஒரு கண் வந்தாயிற்று. இப்போதாவது திரும்பிப் போயிருக்கலாமே? காஞ்சியிலிருந்து ஒற்றியூர் பக்கம், ஆரூர் தூரம். அவர் தெற்கே நடக்கிறார். கோயிலுக்குக் கோயில் அவர் பாடுகிற பாட்டில் அவருடைய கண் இருக்கிறது, அவருடைய அவமானம் இருக்கிறது. மகிழடியில் வாக்கு வாங்கிக்கொண்டு நின்றவர் இல்லை.

செங்கல்பட்டு வந்து மயிலாடுதுறை வழி ரயில் பிடித்தேன். பகல் முழுதும் ஜன்னலோரம். கடலூர் தாண்டியதும் காற்றில் ஈரம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி போனில் ஒருவனிடம் கொஞ்சிக்கொண்டு வந்தாள், சிதம்பரத்தில் இன்னொரு அழைப்பு வந்ததும் குரல் மாறியது. அது அவள் அப்பாவாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருமுறை இதைச் செய்தவர்களுக்கு ஊரெல்லாம் அதே தொழிலில் இருப்பதாகத் தெரியும்.

குத்தாலத்தில் இறங்கினேன். தேவாரக் காலத்துப் பெயர் திருத்துருத்தி. வழியெல்லாம் தட்டுத் தடுமாறி வந்தவருக்கு உடம்பில் நோயும் சேர்ந்திருந்தது. இந்தக் குளத்தில் முழுகித் தீர்ந்தது என்கிறார்கள். சாமிக்கு இங்கே சொன்னவாறு அறிவார் என்று பெயர். குளத்தங்கரையில் நின்றபோதுதான் என் பழைய நோட்டுப் புத்தகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு பேரையும் இழந்த அந்த வருடம் பக்கம் பக்கமாக எழுதினேன். தூக்கம் வரவில்லை, எட்டுக் கிலோ இளைத்துவிட்டேன், தலைமுடி கொட்டுகிறது, கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் நான், நான், நான். அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்து மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்தால் அது ஒரு நோயாளியின் குறிப்பேடு. திருச்சிக்காரன் அந்த மாதங்களில் என்ன சாப்பிட்டான், பெங்களூர்க்காரன் யாரிடம் சொல்லி அழுதான் என்பதற்கு ஒரு வரி கிடையாது. எனக்கு அது தெரியாது என்பதல்ல. தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

சேக்கிழார் சைவர்களுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார். கயிலையில் ஆலாலசுந்தரராக இருந்தவர் கமலினி, அநிந்திதை என்ற இரண்டு தோழியர் மேல் மனம் வைத்தார். அவர்களோடு இன்புற்று வர மண்ணுக்கு அனுப்பப்பட்டார். கமலினிதான் பரவையார், அநிந்திதைதான் சங்கிலியார். ஆக எல்லாம் முன்பே எழுதப்பட்டது. நான் அதோடு சண்டைக்குப் போகவில்லை, நம்புகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் அரசில் மந்திரியாக இருந்து உலகம் பார்த்த மனிதர் அல்லவா சேக்கிழார்! தெய்வ விளக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மனிதர்கள் பேசுவதை அப்படியே பேச விட்டிருக்கிறார். சங்கிலியாரை மட்டும்தான் விட்டுவிட்டார். நம்பி போன மறுநாள் ஒற்றியூரில் விடிந்தது எப்படி என்று பாட்டில்லை. கடைசியில், வெள்ளானைச் சருக்கத்தில், எல்லாரும் கயிலைக்குத் திரும்பும்போதுதான் அநிந்திதையாக மறுபடி பார்க்கிறோம். இடையில் ஓர் ஆயுள் இருக்கிறது.

திருவாரூர் வந்து சேர்ந்தபோது மாலை. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சும்மா சொல்லவில்லை. நடந்து மாளாது. ஆழித்தேருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது, கீழவீதியில் மூங்கிலும் கயிறும் கிடந்தன. இந்த விழாவுக்காகத்தான் நம்பி கண்ணைக் கொடுத்தார். பரவை என்றால் இந்த ஊரில் இன்னொருவரும் உண்டு. ராஜேந்திர சோழனின் அணுக்கியார் பரவை நங்கையார், 11ஆம் நூற்றாண்டு. தியாகராஜர் கோயிலைக் கல்லால் எடுப்பித்துப் பொன் வேய்ந்ததில் அந்த அம்மையாருக்குப் பங்கு உண்டு. அரசனும் அவரும் சேர்ந்து நின்ற இடம் தெரிய ஒரு விளக்கு வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அரசனுக்குப் பட்டத்தரசிகள் இருந்தார்கள். அவர்கள் அந்த விளக்கைப் பார்த்தபோது என்ன நினைத்தார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

கமலாலயக் கரையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தினமும் மாலை வந்து உட்காருவாராம். எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். ஒற்றியூரிலிருந்து, சுந்தரர் வந்த வழியாக என்றேன். கண் ஆபரேஷனா என்றார். இல்லை டீச்சர், சும்மா என்றேன். சும்மா யாரும் இவ்வளவு சுற்றி வருவதில்லை என்பதுபோல் பார்த்துவிட்டு, மேலே கேட்கவில்லை. நல்ல மனுஷி.

"பரவையார் மன்னிச்சது பெரிய மனசுதான், இல்லீங்களா டீச்சர்?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"மன்னிச்சான்னு யாரும்மா சொன்னது?"

"கதவைத் திறந்தாங்களே."

"எத்தனாவது தடவைக்கு? முதல்ல இவன் ஆளுங்களை அனுப்பினான். உள்ள விடலை. அப்புறம் ராத்திரியில சாமியே குருக்கள் வேஷத்துல போய்க் கதவைத் தட்டினார். அதுக்கும் முடியாதுன்னுட்டா. அங்க கட்டுண்டு கிடந்தவருக்கு இங்க என்ன உறவுன்னு கேட்டு அனுப்பிட்டா. இவன் திரும்பவும் அழுதான். ரெண்டாவது தடவை சாமி பூதகணத்தோட, தன்னோட சொந்த ரூபத்துல வந்து வாசல்ல நிக்கிறார். அப்ப அவ என்ன பண்ணுவா? நீங்களே இறங்கி வந்து அலையறப்போ நான் சம்மதிக்காம என்ன செய்யறதுன்னுதான் சேக்கிழார் அவளைச் சொல்ல வைக்கிறார். அது மன்னிப்பா? பஞ்சாயத்து." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்டுலயும் ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. அதை விடுங்க" என்றார்.

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. திருச்சிக்காரனுக்கு விஷயம் தெரிந்து அவன் பேச்சை நிறுத்திய பிறகு, நானும் தூது அனுப்பினேன். அதே தோழியை. முதல் தடவை அவன் அவளைத் தில்லைநகர் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டான். நான் அழுது புரண்டு அவளை மறுபடி அனுப்பினேன். நல்ல மழை அன்று. இரண்டாவது தடவை அவன் இறங்கி வந்தான், மறுநாள் என்னைப் பார்த்தான், ஒரு வருடம் ஓடியது, பிறகு அதுவும் முடிந்தது. அவன் என்னை மன்னித்தான் என்பதை நான் இருபது வருடமாக ஒரு சொத்தாக வைத்திருந்தேன். பெங்களூர்க்காரனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை விட்டேன், கர்நாடக சிம்மை உடைத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

இந்தக் கதை பெரியபுராணத்தில் இருக்கும் இடம் வேடிக்கையானது. சுந்தரர் பெயரில் இல்லை; சங்கிலியார், பரவையார் பெயரிலும் இல்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் இருக்கிறது. திருப்பெருமங்கலத்துக்காரர். ஒரு பெண் விவகாரத்துக்கு இறைவனைத் தெருவில் நடக்க வைத்தானா என்று கேள்விப்பட்டுக் கொதித்தவர். இறைவன் அவருக்குச் சூலை நோயைக் கொடுத்து, நம்பி வந்தால்தான் தீரும் என்றார். அவன் வந்து தீர்க்கும் நோய் எனக்குத் தீர வேண்டாம் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டார். நம்பி வந்து பார்த்துத் தானும் சாகத் துணிய, இறைவன் கலிக்காமரை எழுப்பிவிட்டு இருவரையும் நண்பர்களாக்கினார். துரோகக் கதையைக் கோபக்காரரின் சரித்திரத்துக்குள் வைத்துச் சொல்லத் தோன்றியதே சேக்கிழாருக்கு, அதற்கு ஒரு கும்பிடு. தூதுக்காகக் கோபப்பட என் கதையிலும் ஒருவர் இருந்தார், தோழியின் அண்ணன். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு என்னை அவர்கள் வீட்டுக்கே வரக்கூடாது என்றுவிட்டார். தங்கையை ஏவல் ஆளாக்கியதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதிக்கு வந்து தோழிக்குப் போன் போட்டேன். இப்போது மதுரையில் இருக்கிறாள். மாவரைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவை நீ போனப்ப அவன் என்னடி சொன்னான்?"

"எவன்? ஓ. அதை எதுக்குடி இப்பக் கேக்குற?" கிரைண்டரை நிறுத்தினாள். "நனைஞ்சுட்டுப் போய் நின்னேன். துண்டு குடுத்தான். நீங்க ரெண்டு தடவை வந்துட்டீங்க, உங்க முகத்துக்காக வந்து பேசறேன், அவ முகத்தைப் பாக்க எனக்கு இஷ்டம் இல்லைன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சாப்பிட ஆரம்பிச்சிருந்தே. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நான் பேசாமல் இருந்தேன். பிறகு, "அதான் உங்க அண்ணனுக்கு என் மேல கோபமா?" என்றேன்.

"அண்ணனுக்கா? அவனுக்கு இது தெரியவே தெரியாதே. அவனுக்குக் கோபம் அந்த பெங்களூர்ப் பையனால. நீ நம்பரை மாத்தினதும் அவன் எங்க லேண்ட்லைனுக்கு விடாம கூப்பிட ஆரம்பிச்சான்டி. உங்க வீடுன்னு நினைச்சுட்டுத்தான். நான் முதல்ல எடுத்தப்ப, எதுவும் சொல்ல வேண்டாம், அவ உயிரோட இருக்காளா, அதை மட்டும் சொல்லுங்கன்னான். ஆக்சிடென்ட் கீக்சிடென்ட் ஆயிடுச்சோன்னு பயந்திருக்கான். இருக்கான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். திரும்பத் திரும்பப் பண்ணினான். ஒருநாள் அண்ணன் எடுத்துட்டான். இது அவ வீடே இல்லைங்கன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டான். அரை மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும். வச்சுட்டு வந்து, அவ இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னான்."

"அந்த அரை மணி நேரம் என்ன பேசினாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனைத்தான் கேக்கணும். ஸ்ரீரங்கத்துல இருக்கான், ரிட்டையர் ஆயிட்டான். நம்பர் அனுப்பறேன். திட்டுவான், கேட்டுக்கோ."

அனுப்பினாள். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குக் காலையில் ரயில் இருந்தது. சென்னைக்குத் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன்.